டிரம் எங்கே போனது? அண்டர்கிரவுண்ட் ராப்பின் புது ஆல்பங்கள்

அண்டர்கிரவுண்ட் ராப், அதாவது பெரிய நிறுவனங்களுக்கு வெளியே செய்கிற ராப் பற்றி வாசகர் ஒருவரின் கேள்வி: "அண்டர்கிரவுண்ட் ராப் என்றால் எனக்கு 2001ல் வந்த கேனிபல் ஆக்ஸ், 2004ல் வந்த மேட்வில்லன். இப்போது வருகிற ஆல்பங்களைப் போட்டால் பின்னால் ஒரு பழைய பியானோ திரும்பத் திரும்ப ஓடுகிறது, முன்னால் ஒருவர் முணுமுணுக்கிறார். டிரம்மே இல்லை. இதில் புதிதாக எதைக் கேட்பது?"

24 ஆகஸ்ட் 2024

பாதி ஒத்துக்கொள்கிறேன். நானும் அதே வழியாக வந்தவன்தான்.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். முன்கட்டில் எட்டு விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவர் கேனிபல் ஆக்ஸின் 'தி கோல்ட் வெய்ன்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டியபோது வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, சத்தம் மட்டும் உடனே பிடிபட்டது. இரும்போடு இரும்பு மோதுகிற மாதிரி. ஹார்லெமைச் சேர்ந்த இரண்டு பேர் பாட, முழு ஆல்பத்துக்கும் பீட், அதாவது பின்னால் ஓடும் இசை, செய்தவர் எல்-பி. டெஃபினிடிவ் ஜக்ஸ் என்ற அவருடைய லேபிளில், அதாவது இசை வெளியிடும் நிறுவனத்தில்தான், அது வந்தது. அதற்கு முன்னால் 1997ல் அவர் இருந்த கம்பெனி ஃப்ளோ குழுவின் 'ஃபன்க்ரஷர் பிளஸ்'. இரண்டையும் கேசட் தேய்கிற மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

இந்த வாரம் கா என்ற நியூயார்க் ராப்பர் தன் புது ஆல்பத்தை விட்டிருக்கிறார். 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்'. இரண்டு முறை கேட்டேன், மனதில் உட்காரவில்லை. நீங்கள் சொல்கிற அதே குறைதான் எனக்கும் தோன்றியது.

25 ஆகஸ்ட் 2024

ஒரு திருத்தம். கேனிபல் ஆக்ஸையும் மேட்வில்லனையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். காலையில் 'மேட்வில்லனி'யை மறுபடி போட்டேன். இரண்டும் வேறு வேறு சாதி.

மேட்வில்லன் என்பது பாடுகிற டூமும் பீட் செய்கிற மேட்லிப்பும் சேர்ந்த ஜோடி. அவர்கள் ஆல்பமான மேட்வில்லனியில் 22 பாட்டு, மொத்தம் 46 நிமிடம். பாதிப் பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பல்லவி என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மேட்லிப் 2002ல் பிரேசிலுக்குப் போனவர், சாவோ பாவ்லோவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அதன் பீட்டுகளில் சிலவற்றைச் செய்தார். கையில் இருந்தவை பாட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் ஒரு சின்ன சாம்ப்ளர், ரெக்கார்டு ஓட்ட, தூக்கிப் போகக்கூடிய ஒரு டர்ன்டேபிள், ஒரு கேசட் டெக். பெரிய ஸ்டுடியோவின் கனமே அதில் இல்லை. டிரம் இருக்கிறது, ஆனால் தூசி படிந்து, பின்னால் தள்ளி நிற்கிறது.

அடுத்து, குரல். ஆல்பம் வெளிவருவதற்கு ஓராண்டுக்கும் முன்பே அதன் முதல் வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டது. இருவரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது டூம் தன் பகுதிகளை மறுபடி பதிவு செய்தார், இந்த முறை தாழ்ந்த குரலில், நிதானமாக. கசிந்த வடிவத்தில் அவர் துள்ளுகிறார், வெளிவந்ததில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறார். இன்றைக்கு நீங்கள் முணுமுணுப்பு என்று சொல்வதற்கு விதை அங்கே இருக்கிறது என்பது என் கட்சி. உங்களுக்குப் பிடித்த ஆல்பமே உங்களுக்குப் பிடிக்காத காலத்தின் வாசல்.

31 ஆகஸ்ட் 2024

டிரம் எங்கே போனது என்று இந்த வாரம் முழுக்கத் தேடினேன். எல்லோரும் காட்டுகிற இடம் ஒன்றுதான். லாங் ஐலண்டில் ஹெம்ப்ஸ்டெட் ஊரைச் சேர்ந்த ராக் மார்சியானோ 2010ல் விட்ட 'மார்க்பெர்க்'. பீட்டும் அவரே செய்தார். அதில் டிரம் மெலிந்துபோயிருக்கும். 2012ல் வந்த 'ரீலோடட்' இன்னும் ஒரு படி மேலே போனது.

செய்முறையைக் கேட்டால் எளிது. பழைய ரெக்கார்டில் நான்கைந்து நொடி ஓடுகிற ஒரு துண்டை எடுக்கிறார்கள். பேஸோ கிட்டாரோ தானாகவே அசைந்து நகர்கிற துண்டாக அது இருக்க வேண்டும். அதன்மேல் புதிதாக டிரம் போட்டால் அந்தத் துண்டில் இருக்கும் சின்னச் சின்ன ஓசைகள், ரெக்கார்டின் கீறல், பாடியவர் மூச்சு இழுப்பது எல்லாம் மூடிப்போகும். அதனால் போடுவதில்லை. காலத்தைக் காக்கிற பொறுப்பு முழுவதும் பாடுகிறவர் வாய்க்கு வந்துவிடுகிறது. ஒரு எழுத்து தள்ளிப் போனால்கூடத் தெரிந்துவிடும்.

நம்ம விருத்தம் மாதிரி என்று நினைத்துக்கொண்டால் கேட்க எளிதாக இருக்கும்.

1 செப்டம்பர் 2024

விருத்தம் என்று நேற்று எழுதியது தவறு. பாட்டு படிக்கும் நண்பர் ஒருவர் காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னார். விருத்தத்தில் தாளமே கிடையாது. பாடுகிறவர் நிற்க நினைத்த இடத்தில் நிற்கலாம். இதில் தாளம் இருக்கிறது, அடிக்கிற ஆள் மட்டும் இல்லை.

சரியான உவமை எங்கள் வீட்டிலேயே இருந்தது. எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போகும். சத்தம் சட்டென்று நிற்கும். ஆனால் காதுக்குள் கொஞ்ச நேரம் தறியின் நாடா இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா அப்போது சமையலறையிலிருந்து பேசுவது அந்த அடிக்குச் சரியாக விழுகிற மாதிரி எனக்குத் தோன்றும். டிரம் இல்லாத ராப் அந்த நிமிடம்தான். முப்பது வருடம் ஹிப் ஹாப் கேட்டுப் பழகிய காது டிரம்மைத் தானே போட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள்.

இதை எழுதி முடித்தபின் காவின் புது ஆல்பத்தை மறுபடி போட்டேன். இந்த முறை உட்கார்ந்துவிட்டது.

15 செப்டம்பர் 2024

விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். "ஓசியில் கேட்கிற காலத்தில் எதற்குக் காசு?"

காவின் ஆல்பம் முதலில் அவருடைய சொந்த இணையதளத்தில் மட்டும் விற்பனைக்கு வந்தது. என் வங்கி அட்டை இரண்டு முறை மறுத்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடக் கிளைக்குப் போனால், எதற்கு என்று கேட்டார்கள். பாட்டு வாங்க என்றேன். பாட்டுக்கா என்று இன்னொரு முறை கேட்டார்கள். நான்காவது நாள்தான் வாங்க முடிந்தது. அந்த நான்கு நாள் காத்திருந்ததாலோ என்னவோ, வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்டேன். ஸ்ட்ரீமிங்கில் எந்த ஆல்பத்தையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

மாக்-ஹாமி என்ற ஹைட்டிய வம்சாவளி ராப்பர் 2016ல் 'ஹெய்ஷன் பாடி ஓடர்' ஆல்பத்தை 300 டாலருக்கு விற்றார். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பணத்தில் எங்கள் பக்கம் ஒரு தறிக்காரர் குடும்பம் மாதத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடும். ஏழைகளின் இசை என்று பிறந்ததை ஏழை வாங்க முடியாத விலைக்கு விற்பதா?

அந்தக் கோபத்தை இப்போது கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன். அவர் ஹைட்டியக் கொடித் துணியால் முகத்தை மூடிக்கொள்கிறார். தன் வரிகளை இணையத்தில் யாரும் எழுதிப் போடுவதை விரும்பாதவர். ஓவியத்துக்கு விலை வைக்கிறீர்களே, இதற்கு ஏன் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரு மீட்டர் துணிக்கு என்ன கூலி என்று எப்போதும் வாங்குகிறவர்தான் முடிவு செய்தார், நெய்தவர் அல்ல. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். செய்தவனே விலை சொல்வதைப் பார்க்கும்போது கோபப்பட முழுதாக மனம் வரவில்லை. 300 டாலர் கொடுக்கவும் மனம் வராது. இந்த ஆண்டு மே மாதம் வந்த அவருடைய ஆல்பம் எல்லோரும் கேட்கும்படி கிடைக்கிறது, ஆங்கிலத்துக்கு நடுவே ஹைட்டியின் கிரயோல் மொழி ஓடும். அதைக் கேளுங்கள்.

15 அக்டோபர் 2024

கா இறந்துவிட்டார். சனிக்கிழமை, 12ஆம் தேதி. குடும்பத்தார் அறிவித்திருக்கிறார்கள். 52 வயது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

20 அக்டோபர் 2024

அவரைப் பற்றி நான் இன்னும் சரியாகச் சொல்லவே இல்லை என்பது இந்த வாரம்தான் உறைத்தது. ஆகஸ்டில் "மனதில் உட்காரவில்லை" என்று எழுதிய வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அது உண்மைதானே.

இயற்பெயர் கசீம் ரயன். புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் பகுதிக்காரர். இளவயதில் குழுக்களில் பாடிப் பார்த்து, எடுபடாமல் விட்டுவிட்டவர். நியூயார்க் தீயணைப்புத் துறையில் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். முதல் தனி ஆல்பம் 'அயர்ன் ஒர்க்ஸ்' 2008ல் வந்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இளைஞர்களின் கலை என்று பேர் வாங்கிய ஒன்றில் அந்த வயதில் தொடங்குகிறார். அதை வூ-டாங் குழுவின் ஜிஸா கேட்டுவிட்டுத் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டார்.

அதன்பிறகு 2012ல் 'கிரீஃப் பெடிக்ரீ'. பிறகு ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு பொருள். சதுரங்கம் ஒன்றுக்கு, சாமுராய் ஒன்றுக்கு, கிரேக்கப் புராணம் ஒன்றுக்கு, பைபிளின் காயீன் ஆபேல் கதை ஒன்றுக்கு. உள்ளே ஓடுவது எப்போதும் பிரவுன்ஸ்வில்தான். வெளிப் பொருள் ஒன்று, உள்பொருள் ஒன்று, இரண்டும் ஒரே சொல்லில் நிற்கும். சிலேடை நமக்குப் புதிதல்ல. காளமேகத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்குக் காவைப் புரிந்துகொள்வது சுலபம் என்றே சொல்வேன். வித்தியாசம், காளமேகம் சபையில் நின்று சொல்கிறார், இவர் காதருகே வந்து சொல்கிறார்.

பெரிய லேபிள் எதிலும் இல்லை. ரெக்கார்டுகளைத் தானே கட்டித் தபாலில் அனுப்புவார். நியூயார்க்கில் ஃபேட் பீட்ஸ் என்ற பெயர்பெற்ற ரெக்கார்டு கடை 2010ல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தருகே நடைபாதையில் நின்று தன் ஆல்பத்தைக் கையில் வைத்து விற்றிருக்கிறார். வாங்க வந்தவர்களோடு நின்று பேசுவார். புது ஆல்பம் வெளியீடு என்றால் எனக்கு இப்போது அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது, நள்ளிரவில் ஒரு ஆப்பில் படம் மாறுவது அல்ல.

2016ல் நியூயார்க் போஸ்ட் பத்திரிகை அவர் வரிகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு தீயணைப்பு கேப்டன் காவல்துறைக்கு எதிராகப் பாடுகிறார் என்று முதல் பக்கத்தில் போட்டது. எரிகிற வீட்டுக்குள் போகிற வேலையைப் பார்த்துக்கொண்டு, தன் தெருவில் கண்டதையும் எழுதினார் ஒரு மனிதர். அதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

3 நவம்பர் 2024

கொஞ்சம் வேறு பேச்சு. "ராப்பில் மொழி வளம் யாருக்கு?" என்று ஒருவர் கேட்டார். 2014ல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்கள் ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களையும் எண்ணிப் பார்த்தார். முதலிடம் ஈசாப் ராக், 7,392 வெவ்வேறு சொற்கள். அவரும் பழைய டெஃபினிடிவ் ஜக்ஸ்காரர்தான்.

ஈசாப் ராக் எனக்கு உயிர். ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து யார் பெரியவர் என்று சண்டை போடாதீர்கள். காவின் சொற்கள் சின்னச் சின்னவை. அவற்றையே நான்கு பக்கமும் திருப்பிக் காட்டுவார். அகராதி முழுவதையும் கொட்டுவது ஒரு திறமை, இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துவது இன்னொரு திறமை.

1 டிசம்பர் 2024

தமிழ் ராப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2006ல் மலேசியாவிலிருந்து யோகி பி நட்சத்திராவின் 'வல்லவன்' வந்து, ஒரு சிடியிலிருந்து இன்னொரு சிடிக்கு என்று பரவி எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்தது. யார் விளம்பரம் செய்தார்கள்? கையிலிருந்து கைக்குப் போகிற பாட்டின் ருசி எனக்கு அங்கேதான் முதலில் தெரிந்தது.

19 ஜனவரி 2025

செப்டம்பரில் "செய்தவனே விலை சொல்கிறான்" என்று பெருமையாக எழுதினேன். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான சின்ன ராப்பர்களுக்குச் சொந்த இணையதளத்தில் விற்கும் அளவுக்கு ரசிகர்கள் இல்லை. அவர்கள் நம்பியிருப்பது பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் இணையதளம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை, பணப் பரிமாற்றக் கட்டணம் போக, பாடகருக்குக் கொடுக்கிறது. 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவில் கச்சேரிகள் நின்றபோது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமையைத் தொடங்கியது. அந்த நாளைப் பார்த்து ஆல்பம் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 2022ல் அந்த நிறுவனம் எபிக் கேம்ஸ் கைக்குப் போனது, 2023ல் சாங்டிரேடர் கைக்கு. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் சரிபாதிப் பேர் வேலையிழந்தார்கள். கடை இன்னொருவருடையது என்றால் விலைச்சீட்டு எழுதுவது மட்டும்தான் நம் உரிமை.

மறுபக்கம் ஸ்பாட்டிஃபை. 2024லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. அண்டர்கிரவுண்டில் எத்தனையோ நல்ல பாட்டு 900 முறையோடு நின்றுவிடும்.

ஆகவே நான் செய்வது இதுதான். மாதம் ஒரு ஆல்பம் காசு கொடுத்து வாங்குகிறேன். மற்றதெல்லாம் ஸ்ட்ரீமிங். இரண்டு மாதம் முடியாமலும் போயிருக்கிறது.

18 ஏப்ரல் 2025

இன்றைக்குப் புனித வெள்ளி. மில்லில் என்னோடு வேலை செய்யும் தூத்துக்குடி நண்பன் கோவிலுக்குப் போய்விட்டு வந்தான். காவின் கடைசி ஆல்பத்தின் தலைப்பை அவனிடம் சொன்னேன். "நல்ல கள்ளனா!" என்றான் உடனே. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய இருவரில் ஒருவன் அவரை நிந்திக்கிறான், இன்னொருவன் என்னை நினைத்தருளும் என்று கேட்டு, அன்றே பரதீசு என்ற வாக்கைப் பெறுகிறான். கத்தோலிக்கர் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதையாம். எனக்குத் தெரியாது.

நான் இதுவரை அந்தத் தலைப்பைக் கோபமாக மட்டுமே படித்திருந்தேன். அடிமைகளை வைத்திருந்தவர்கள் கையில் இருந்த மதத்தை, அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஏன் இன்னும் சுமக்க வேண்டும் என்று கேட்கிற ஆல்பம் அது. பின்னால் முழுக்கத் தேவாலயப் பாட்டுத் துண்டுகள். நண்பன் கதை சொன்னபின் கேட்டால் அந்தத் துண்டுகளை அவர் எவ்வளவு பிரியமாகக் கையாள்கிறார் என்று தெரிகிறது. கேள்வி கேட்கிறவர் கதவை உடைக்கவில்லை, பாட்டின் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு கேட்கிறார். எந்தக் கள்ளன் என்று அவர் சொல்லவில்லை. டிரம் இருந்திருந்தால் அந்தத் தேவாலயக் குரல்களின் நடுக்கம் எனக்குக் கேட்டிருக்காது.

11 மே 2025

கேள்வி கேட்டவரே, இன்னும் படிக்கிறீர்களா? உங்களுக்கான ஆல்பம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பில்லி வுட்ஸ் என்ற ராப்பர் 'கோலிவாக்' விட்டிருக்கிறார். கேமராவுக்கு முகத்தைக் காட்டாதவர். பேக்வுட்ஸ் ஸ்டுடியோஸ் என்ற தன் சொந்த லேபிளை இருபது வருடத்துக்கு மேலாக நடத்துகிறவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர், அப்பாவுக்கு அது சொந்த நாடு. கோலிவாக் என்பது கறுப்பினத்தவரைக் கேலி செய்து வெள்ளைக்காரக் குழந்தைகளுக்காகச் செய்த பொம்மை. ஆல்பம் பயமுறுத்துகிறது. பேய்க் கதைக்குரிய பயத்தோடு, வீட்டு வாடகை, கடன், போர் என்ற பயமும் சேர்ந்து வருகிறது.

பீட் செய்தவர்கள் பலர். அதில் ஒரு பாட்டு 'கொரிந்தியன்ஸ்'. செய்தவர் யார் தெரியுமா? எல்-பி. உடன் பாடுகிறவர் டெஸ்பாட், அவரும் டெஃபினிடிவ் ஜக்ஸ் காலத்து ஆள். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். என் விடுதி அறையில் இரும்பைத் தட்டிய அதே கை, 24 வருடம் கழித்து, நீங்கள் முணுமுணுப்பு என்று ஒதுக்கிய தலைமுறையின் ஆளுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது. பழையவர்கள் புதியவர்களை விட்டுப் போகவே இல்லை. நாம்தான் கேட்பதை நிறுத்தியிருந்தோம். நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

12 மே 2025

"எல்லாம் ஒரே இருட்டு, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்கள். 'கோலிவாக்'கில் தொடங்க வேண்டாம். பில்லி வுட்ஸும் பீட் செய்கிற கென்னி சீகலும் 2023ல் விட்ட 'மேப்ஸ்' கேளுங்கள். கச்சேரிப் பயணம் போகிறவரின் அலுப்பு, சாப்பாடு, விமான நிலையம், வீட்டு நினைப்பு. வெளியூர் வேலைக்குப் போய் வந்தவர் எவருக்கும் புரியும்.

9 நவம்பர் 2025

அப்பா தறிகளைக் கொடுத்துவிட்டார். போன மாதம். முன்கட்டு காலியாகக் கிடக்கிறது. நேற்று ஊருக்குப் போனபோது அங்கே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, ஆர்மண்ட் ஹேமர் குழுவின் 'மெர்சி' கேட்டேன். வெள்ளிக்கிழமைதான் வந்தது. பில்லி வுட்ஸும் எலூசிட்டும் பாட, பீட் தி ஆல்கெமிஸ்ட். 2021ல் 'ஹராம்' செய்த அதே கூட்டணி.

அப்பா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எதுக்கு இவங்க பாடாம பேசிட்டே இருக்காங்க?" என்றார். "பாட்டுத்தானுங்கப்பா" என்றேன். "அடி எங்க காணோம்?" என்றார்.

ஆகஸ்டில் நீங்கள் கேட்ட அதே கேள்வி. ஒரு வருடமாக எழுதி வைத்த பதில் எதுவும் அவரிடம் சொல்ல வாய்க்கு வரவில்லை. அடுத்த பாட்டு ஓடியது. அவர் எழுந்து போகவில்லை.

ஆல்பத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லை என்று தெரியும். இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நைட் ஷிஃப்ட் இல்லை, அன்றைக்கு ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.